உள்பக்க டயர்

போன் அடித்ததும் அழ வேண்டும்.

டயர்க்காரன் அதற்குத் தயாராக இருந்தான். கடையின் வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நின்று முகத்தை ஒரு தடவை கோணிப் பார்த்தான். சரியாக வரவில்லை. துக்கத்துக்குப் பதிலாகப் பல்வலி மாதிரி இருந்தது.

மறுபடி முயன்றான்.

"ஐயோ... சகலை! எங்களையெல்லாம் விட்டுட்டுப் போயிட்டீங்களே... சகலை!"

ம்... பரவாயில்லை. கடைசியில் குரல் கொஞ்சம் உடைந்தால் இன்னும் எடுபடும்.

கடைக்குள் யாரும் இல்லை. வேலையாட்களைச் சாப்பிட அனுப்பியாகிவிட்டது. ஒரு மூலையில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்த டயர்கள். மூக்கை அடைக்கும் ரப்பர் வாடை. மேஜை மேல் போன்.

அது அடிக்கவில்லை!

"என்னடா இது... இந்நேரம் உருண்டிருக்கணுமே" என்று முணுமுணுத்தான்.

உருள வேண்டியது ஒரு லாரி. மலை மேலே குவாரியில் கல் ஏற்றிக்கொண்டு இறங்குகிற பழைய லாரி. அதை ஓட்டி வருகிறவன் லாரிக்காரன். டயர்க்காரன் மனைவியின் கூடப் பிறந்த அக்காவுக்குப் புருஷன். சகலை!

அப்படி என்ன பகை என்று கேட்கிறீர்களா?

பகையே கிடையாது. அதுதான் விஷயம். லாரிக்காரன் நல்லவன். தங்கமான குணம். மாமனார் வீட்டுக் கூரை ஒழுகினால் ஏறி அடைப்பவன் அவன். மாமியாருக்குத் தலை சுற்றினால் முதல் போன் போவது அவனுக்கு. விசேஷத்துக்குப் போட்டோ எடுத்தால் நடுவில் நிற்பதும் அவன்தான். டயர்க்காரன்? ஓரத்தில் பாதித் தோளோடு நிற்பான். அப்படிப்பட்ட ஒரு நல்லவனைக் குடும்பத்தில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வாழ்ந்து பாருங்கள். தெரியும் கஷ்டம்.

அந்த லாரிகூட அவனை மாதிரியேதான். இரண்டு பேருடைய கல்யாணத்துக்கும் மூத்தது. ஆனாலும் ஒரு நாள் முரண்டு பிடித்ததில்லை. பளபளவென்று புது லாரி வைத்திருப்பவர்கள் எல்லாம் குவாரி வாசலில் காத்துக் கிடக்க, இந்தக் கிழட்டு வண்டிக்குத்தான் முதலில் கல் ஏறும்.

முந்தாநாள் அந்த லாரி, எதிரே இருந்த இன்னொரு டயர்க் கடையைத் தாண்டி, டயர்க்காரன் கடை வாசலுக்கு வந்து நின்றது.

"சகலை, பின்னால இடது பக்கம் ஒரு ஜோடி மாத்தணும்" என்றபடி இறங்கினான் லாரிக்காரன்.

டயர்க்காரன் சிரித்தான். உதட்டால் மட்டும்.

"பெரிய சைஸாவே போட்டுறலாமே சகலை. வண்டி நல்லா எடுப்பா தெரியும்."

"எடுப்பு எதுக்குங்க? பழைய வண்டி. பெரிசா போட்டா பாரம் ஏத்தினதும் ஸ்ப்ரிங்ல உரசும். கம்பெனிக்காரன் தகட்டுல என்ன அடிச்சிருக்கானோ அதையே போடுங்க. ஒன்பது-இருபது. ரெண்டும் ஒரே உயரமா இருக்கட்டும். ரொம்ப நாள் கிடந்த சரக்கு வேண்டாம். மத்தபடி உங்களுக்குத் தெரியாததா?"

உங்களுக்குத் தெரியாததா! என்ன ஒரு நம்பிக்கை! டயர்க்காரனுக்கு வயிறு எரிந்தது.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"பாத்தீங்களா? மாமா தன் வண்டியைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கார்! நம்ம கடைக்கு வர்றவங்க எல்லாம் இப்படிக் கேட்டு வாங்கினா ஏங்க ரோட்டுல டயர் வெடிக்குது?"

சொன்னதோடு விட்டாளா? எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

"சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன் மாமா. நீங்க அப்படித்தானே குடிப்பீங்க?"

அவ்வளவுதான்!

எனக்கு எவ்வளவு சர்க்கரை வேண்டும் என்று இவளுக்குத் தெரியுமா? தெரியாது. கேட்டதே இல்லை. அவனுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது!

டயர்க்காரன் அந்த டீயைப் பார்த்தான். லாரிக்காரனின் சிரிப்பைப் பார்த்தான். மனைவியின் சிரிப்பையும் பார்த்தான்.

"வண்டியை விட்டுட்டுப் போங்க சகலை. நான் என் கையாலயே போட்டு வைக்கிறேன்."

என் கையால்! அது மட்டும் பொய்யில்லை.

அன்று சாயங்காலம் மனைவியையும் வேலையாட்களையும் சீக்கிரமே அனுப்பிவிட்டான். ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான். வேலையை ஆரம்பித்தான்.

லாரியின் பின்பக்கம் ஒவ்வொரு பக்கத்திலும் டயர்கள் ஜோடியாக இருக்கும். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. இரண்டும் ஒரே உயரமாக இருந்தால் பாரத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். ஒன்று குள்ளமாக இருந்தால்? குள்ளன் தரையில் பட்டும் படாமலும் சும்மா சுற்றிக்கொண்டு வருவான். மொத்தப் பாரமும் நெட்டையன் தலையில்! நெட்டையன் சூடாவான். காய்வான். இறக்கத்தில், வளைவில், பிரேக் பிடிக்கிற இடத்தில்... டமார்! அவன் போனதும் பாரம் முழுக்கக் குள்ளன் மேல் விழும். அவன் ஏற்கெனவே வெடிப்பு விட்ட கிழவன். அடுத்த டமார்! மலைப்பாதையில் இடது பக்கம் பள்ளத்தாக்கு.

வெளிப்பக்கம் புத்தம் புது ஒன்பது-இருபது. உள்பக்கம் எட்டேகால்-இருபது. பரண் மேல் வருஷக்கணக்காகக் கிடந்த சரக்கு. இருபது என்பது நடுவில் உள்ள இரும்புச் சக்கரத்தின் அளவு. அதனால் இரண்டும் கச்சிதமாக உட்காரும். உள்ளே இருப்பதை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? அதன் பக்கத்தில் பதித்திருந்த தேதியை உப்புத்தாளால் தேய்த்து அழித்தான். வெடிப்புகள் தெரியாமல் கறுப்புப் பாலீஷ் தடவினான். தடவும்போது பாட்டுக்கூடப் பாடினான்.

லாரிக்காரன் வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான். நேற்று மனைவியும் "அக்கா வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வர்றேங்க" என்று பஸ் ஏறிவிட்டாள். அக்கா வீடு குவாரிக்குப் பக்கத்தில்தான்.

இன்றைக்குக் கல் இறங்குகிற நாள்.

டயர்க்காரன் போனையே முறைத்தான்...

ட்ர்ர்ர்ரிங்!

பாய்ந்து எடுத்தான். திரையில் மனைவியின் பெயர். அக்கா வீட்டிலிருந்து கதறப் போகிறாள்! முகத்தைக் கோணிக்கொண்டான். குரலை உடைத்துக்கொண்டான்.

"ஹ... ஹலோ..."

"என்னங்க, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? ஜலதோஷமா?"

சிரித்துக்கொண்டே கேட்டாள்!

டயர்க்காரன் முகத்தை அவசரமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தான்.

"ஒ... ஒண்ணுமில்ல. நீ எங்கே இருக்கே? என்ன அங்கே ஒரே சத்தம்?"

"நான் கிளம்பிட்டேங்க. பஸ்ஸைத் தவற விட்டுட்டேன். நல்லவேளை, மாமா கல் ஏத்திக்கிட்டுக் கீழே இறங்குறேன்னார். லாரியிலயே ஏறிட்டேன்!"

போனுக்குள் லாரி உறுமியது.

டயர்க்காரன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"எ... எந்த லாரி?"

"என்னங்க கேள்வி இது? மாமா எத்தனை லாரி வெச்சிருக்கார்? நீங்க டயர் போட்டுக் குடுத்தீங்களே, அதேதான். செக்போஸ்ட் தாண்டியாச்சு. இறக்கம் ஆரம்பிச்சிருச்சு. சில்லுனு காத்து... சூப்பரா இருக்கு!"

கட்டிய மனைவி சாவு வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். அதை அனுப்பி வைத்ததே இவன்தான். இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லுவான்? "நிறுத்து!" என்று கத்துவான். நீங்களும் கத்துவீர்கள், நானும் கத்துவேன்.

டயர்க்காரன் என்ன கேட்டான் தெரியுமா?

"அவன் பக்கத்துல நீ ஏன் உக்காந்திருக்கே?"

"பின்னே? கல்லு மேலயா உக்காருவாங்க?"

"க்ளீனர் எங்கே?"

"லீவாம்."

"அப்போ... நீங்க ரெண்டு பேர் மட்டுமா?"

"ஆமாங்க."

"எதுக்குச் சிரிக்கிறே?"

"மாமா ஏதோ ஜோக் சொன்னார்."

"என்ன ஜோக்? எங்கே, எனக்குச் சொல்லு பார்ப்போம்!"

"அட, விடுங்களேன். இறக்கத்துல வெச்சுக்கிட்டு..."

இறக்கம்!

அந்த ஒரு வார்த்தைதான் அவனை உலுக்கியது. வெளி டயர் இந்நேரம் சூடாகியிருக்கும். கை வைத்தால் சுடும். இன்னும் சில வளைவுகள்... ஐயோ! அவள் இறங்க வேண்டும். எப்படியாவது அவள் இறங்க வேண்டும்!

"இங்கே பாரு. நீ உடனே இறங்கிடு."

"என்னது?"

"லாரியை விட்டு இறங்கு. நான் கார் எடுத்துட்டு வந்து உன்னைக் கூட்டிட்டு வர்றேன்."

"அதுவரைக்கும் மாமாவும் வண்டியை நிறுத்திட்டு நிக்கணுமா?"

"அவன் எதுக்கு நிக்கணும்? அவன் போகட்டும்!"

"அப்போ நான்..."

"நீ மட்டும் இறங்கு!"

லாரியின் உறுமல் மட்டும் கேட்டது.

"நான் மட்டுமா?" குரல் தணிந்திருந்தது.

"ஆமா. நீ மட்டும். சொன்னா கேளுடி!"

"என்னவாம்மா?" இது லாரிக்காரனின் குரல். சாவதானமாக, வழக்கம் போல.

"இறங்கச் சொல்றார் மாமா."

"இங்கேயா? வளைவுல நிறுத்தினா பின்னால வர்றவன் கொண்டாந்து இடிச்சிருவானேம்மா. உன்னைக் கடை வாசல்லயே பத்திரமா இறக்கி விட்டுடறேன்னு சகலைகிட்டச் சொல்லு."

பத்திரமாக! அப்போதும் நல்லவன்! டயர்க்காரன் போனைக் கடித்துத் துப்பிவிடலாமா என்று பார்த்தான்.

யோசி... யோசி... உண்மையைச் சொன்னால் கம்பி எண்ண வேண்டும். சொல்லாமலே லாரியை நிறுத்த வேண்டும். ஏதாவது ஒரு பொய். பெரிய பொய். கேட்டதும் பிரேக் மேல் கால் போகிற மாதிரி ஒரு பொய்!

"ஏய்! உங்கப்பாவுக்கு நெஞ்சு வலி!"

"ஐயையோ! என்னங்க சொல்றீங்க?"

"இப்பத்தான் போன் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அங்கேயே நிறுத்திட்டு..."

"மாமா! அப்பாவுக்கு நெஞ்சு வலியாம் மாமா! சீக்கிரம் போங்க... சீக்கிரம்!"

"கெட்டியாப் பிடிச்சுக்கோம்மா!"

கியர் மாறியது. லாரி அலறியது.

டயர்க்காரன் ஆடிப்போனான். மாமனாருக்கு ஒன்று என்றால் லாரிக்காரன் நிற்பானா? பறப்பான்! ஊருக்கே தெரிந்த விஷயம் இது. அவசரத்தில் மறந்துவிட்டான்.

"வேண்டாம்... வேகமா வேண்டாம்! வலி இல்ல! வலி நின்னு போச்சு!"

"என்னங்க உளர்றீங்க? வலி நின்னு போச்சா? அப்பா... அப்பா போயிட்டாரா?"

"போகலடி! நல்லா இருக்கார்! குத்துக்கல்லாட்டம் இருக்கார்! மெதுவா போகச் சொல்லு!"

"நீங்க எனக்காகப் பொய் சொல்றீங்க. தெரியுதுங்க... மாமா, இன்னும் வேகமா!"

ஹாரன் அலறியது. ஏதோ ஒரு வண்டி பதிலுக்கு அலறியது. டயர்க்காரன் ஒரு கையால் போனையும் ஒரு கையால் தன் தலைமுடியையும் பிடித்துக்கொண்டான். மூலையில் கம்ப்ரஸர் தடதடத்துக்கொண்டே இருந்தது. அதன் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. மீதிப் பாதி விழுந்ததே போதுமானதாக இருந்தது.

"என்னங்க..." அவள் குரலில் இப்போது பயம்.

"என்ன? என்னாச்சு?"

"ஏதோ கருகுற வாசனை வருதுங்க. ரப்பர் மாதிரி..."

முடிந்தது!

கண் முன்னால் அந்த வளைவு வந்தது. அந்தப் பள்ளத்தாக்கு வந்தது. லாரி உருளுவது தெரிந்தது. இரண்டு நாளாக ரசித்து ரசித்து அவன் பார்த்த காட்சிதான். இப்போது அதில் அவள் புடவையும் தெரிந்தது.

ஜெயிலாவது... கம்பியாவது!

"நிறுத்து! நிறுத்தச் சொல்லுடி! பின்னால இடது பக்கம் உள் டயர்... அது சைஸ் சின்னது!"

"என்ன? சரியாக் கேக்கல. லாரிச் சத்தம்!"

"உள்பக்க டயர்! ஒன்பது-இருபது இல்ல, எட்டேகால்! பழைய சரக்கு! வெளி டயர் எந்த நேரமும் வெடிச்சிரும்!"

"தெரியாம மாத்திப் போட்டுட்டீங்களா?"

எவ்வளவு அழகான கேள்வி! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் பயத்தில் இருக்கிறவனுக்கு அதெல்லாம் தோன்றுமா?

"தெரிஞ்சேதான் போட்டேன்! தேதியைத் தேய்ச்சு அழிச்சது நான்! பாலீஷ் போட்டது நான்! அவன் சாகணும்னுதான் போட்டேன். நீ இல்லடி... நீ ஏன்டி அதுல போய் ஏறினே!"

கம்ப்ரஸர் நின்றது.

காற்று நிறைந்ததும் அது தானாகவே நின்றுவிடும். கடைக்குள் திடீரென்று மயான அமைதி.

"ஹலோ... ஹலோ! நிறுத்திட்டானா? பேசுடி! இருக்கியா?"

ப்பாஆஆஆம்!

ஹாரன். போனுக்குள் கேட்டது.

தெருவிலும் கேட்டது!

டயர்க்காரன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். ஹாரன் மறுபடி அடித்தது. போனுக்குள் ஒன்று. கடைக்குப் பின்னால் உள்ள சந்துக்குள் ஒன்று. இரண்டும் ஒரே ஹாரன்!

சந்திலிருந்து அந்தக் கிழட்டு லாரி சாவகாசமாக வெளியே வந்தது. கடை வாசலில் நின்றது. அதில் ஒரு கூடைக் கல்கூட இல்லை.

கதவு திறந்தது. முதலில் தொப்பையோடு ஒரு ஏட்டு இறங்கினார். அடுத்து ஒரு பெண் இன்ஸ்பெக்டர். கையில் போன், அதில் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அவன் மனைவி.

டிரைவர் பக்கத்திலிருந்து லாரிக்காரன் இறங்கினான். தலை குனிந்திருந்தது.

"நீ... மலையில இல்லையா?" டயர்க்காரனுக்குக் குரல் நிஜமாகவே உடைந்தது.

"காலையிலேயே வந்தாச்சுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க கடைக்குப் பின்னால நின்ன இடத்துலயே ஆக்ஸிலேட்டரை மிதிச்சுக்கிட்டிருந்தோம். பதில் ஹாரன் அடிச்சது எங்க ஜீப். எப்படி இருந்துச்சு?"

"லாரிக்கும் ஜீப்புக்குமா ஓடி ஓடி நான்தான் அடிச்சேன்" என்றார் ஏட்டு பெருமையாக. "இன்னும் கொஞ்ச நேரம் நீங்க உண்மையைச் சொல்லாம இருந்திருந்தா டீசல் தீர்ந்திருக்கும் சார்."

டயர்க்காரன் மனைவியைப் பார்த்தான்.

"உனக்கு எப்படி...?"

அவள் சிரிக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன.

"அன்னிக்குச் சாயங்காலம் எங்களையெல்லாம் சீக்கிரமா அனுப்பி வெச்சீங்க. கடைக்குள்ள நீங்க மட்டும். ஷட்டர் பாதி இறங்கியிருக்கு. பொண்டாட்டிக்கு என்ன தோணும்? எவளோ ஒருத்தியை உள்ளே வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். பொறாமையில எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. பாதி வழியில திரும்பி வந்து, ஷட்டருக்குக் கீழே குனிஞ்சு பார்த்தேன்."

டயர்க்காரனின் கண் ஷட்டர் பக்கம் போனது.

"நீங்க டயரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் பாலீஷ் போட்டுக்கிட்டிருந்தீங்க. பாட்டு வேற! அப்பாடா, பொம்பளை இல்லைன்னு எனக்கு உயிரே வந்துச்சு. அப்புறம்தான் அது எந்த டயர்னு பார்த்தேன். இத்தனை வருஷமா இந்தக் கல்லாவுல உக்காந்திருக்கேனே, எட்டேகாலும் ஒன்பதும் எனக்குத் தெரியாதா? அதை மாமா வண்டியில மாட்டுற வரைக்கும் பார்த்தேன். ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன், மாமா வண்டிக்கு என்ன போட்டீங்கன்னு. ஒன்பது-இருபது, ரெண்டும் புதுசுன்னு சொல்லிட்டு ரசம் ஊத்தச் சொன்னீங்க."

ஏட்டு உச்சுக்கொட்டினார்.

"மறுநாள் காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு மாமாகிட்ட ஓடினேன். கல் ஏத்துறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? சகலை அப்படிச் செய்ய மாட்டார், ஏதோ தெரியாம மாறியிருக்கும்னார். கழட்டிக் காட்டினதுக்கு அப்புறமும் அதையேதான் சொன்னார்."

"ஸ்டேஷனுக்கு வந்தும் அதையேதான் சொன்னார்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு சந்தர்ப்பம் குடுங்கம்மான்னு கெஞ்சினார். பொண்டாட்டி வண்டியில இருக்கான்னு தெரிஞ்ச உடனே, வண்டியை நிறுத்துங்கன்னு சொல்லிட்டார்னா கேஸே வேண்டாம், குடும்பத்துக்குள்ள பேசித் தீர்த்துக்கிறோம்னு எழுதிக் குடுக்கவும் தயாரா இருந்தார். நானும் சரின்னேன்."

டயர்க்காரனுக்குத் தலை சுற்றியது. இதிலுமா? செத்துப் போயிருக்க வேண்டியவன், இதிலும் நல்லவனா? சீ!

"நான் நிறுத்தச் சொன்னேனே! நானேதானே உண்மையைச் சொன்னேன்!"

"எப்போ சொன்னீங்க?" மனைவி ஒரு அடி முன்னால் வந்தாள். "நான் அந்த லாரியிலதான் இருக்கேன்னு சொன்னதும் உங்க வாயில முதல்ல என்ன வந்துச்சு? உயிரோட வந்து சேரணுமேன்னு பதற்றம் வந்துச்சா? அவன் பக்கத்துல ஏன் உக்காந்திருக்கேன்னு கேட்டீங்க. சாகப் போறவகிட்ட, என்ன ஜோக் சொன்னான்னு கேட்டீங்க! நான் உள்ளே உக்காந்து எண்ணிக்கிட்டே இருந்தேங்க... இதோ இப்பச் சொல்லுவார், இதோ இப்பச் சொல்லுவார்னு."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லாரிக்காரன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அதையும் டயர்க்காரன் முறைத்தான்!

"அதுகூடப் பரவாயில்லைங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "வண்டியை நிறுத்துன்னு மட்டும் சொல்லியிருந்தா, மனசு மாறிட்டார்னு எடுத்துக்கிட்டிருப்பேன். நீங்க சொன்னது வேற. 'நீ மட்டும் இறங்கு, அவன் போகட்டும்.' அந்த ஒரு வாக்கியம் போதும். கொலை முயற்சி. வாங்க, ஏறுங்க ஜீப்புல."

"சகலை..." லாரிக்காரன் வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தான். "நான் உங்களுக்கு என்னங்க செஞ்சேன்?"

டயர்க்காரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒன்றையும் சொல்லத் தெரியவில்லை. ஒன்றும் செய்யவில்லையே அவன்! அதை எப்படிச் சொல்வது?

ஏட்டு விலங்கை எடுத்தார். டயர்க்காரன் கையை நீட்டினான். கொலை முயற்சி... கோர்ட்டு... வருஷங்கள்... எதற்கும் அவன் அசைந்த மாதிரி தெரியவில்லை. கல்லுப்பிள்ளையார் மாதிரி நடந்தான். லாரியைக் கடக்கும்போது மட்டும் கால் நின்றது.

பின்பக்கம், இடது பக்கம். குனிந்து பார்த்தான்.

உள்ளே ஒன்பது-இருபது. வெளியே ஒன்பது-இருபது. ஒரே உயரம். ஒரே வார்ப்பு. ரப்பரில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் புது முடிகூட இன்னும் உதிரவில்லை. காற்று கச்சிதமாக நிரம்பி, ஜோடி அம்சமாக உட்கார்ந்திருந்தது.

"இதை..." டயர்க்காரன் விலங்கு மாட்டிய கையால் டயரைக் காட்டினான். "இந்த ஜோடியை எங்கே வாங்கினான்?"

"எதிர்க் கடையிலதான் சார், காலையில நீங்க ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாலேயே" என்றார் ஏட்டு. "நல்ல மனுஷன்யா அந்தக் கடைக்காரர்! சைஸ் பார்த்து, தேதி காட்டி, காத்து அளந்து போட்டுக் குடுத்தார். உங்க சம்சாரம்தான் கூட இருந்து பார்த்து எடுத்தாங்க. இனிமே எல்லாம் இவர்கிட்டதான் வாங்கணும்னு சொன்னாங்க."

"எதிர்க் கடையிலயா?"

டயர்க்காரன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. லாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் குனிந்து அவனைப் பார்த்தார்.

"ஏன்யா... கொலை முயற்சின்னு சொன்னப்பகூட உன் மூஞ்சி இவ்வளவு வெளுக்கலையே!"